பன்னிரண்டு நாள் போதுமா, கண்ணு?

போன வருஷம் ஆடி மாதம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். காப்பிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, வாசல் திண்ணையில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறதல்லவா? அதனால் வீட்டோடு இருக்கும் பெண்கள்கூடச் சும்மா இருப்பதில்லை. ஒரு மூட்டை துணி எப்போதும் வாசலில் கிடக்கும்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி கம்பெனி வேனிலிருந்து இறங்கி, நேரே என்னிடம்தான் வந்தாள். பவர் டேபிள் டைலர். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவள் அன்றைக்கு ஒரு ஷிப்டோடு வந்துவிட்டாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

"ஏனுங்கக்கா, உங்ககிட்ட ஒரு ரோசனை கேக்கோணும்" என்று உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரே பெண். கோயமுத்தூரில் நர்சிங் படித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்கள் வேதக்காரர்கள். சர்ச்சில் வாலிபப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறார்களாம். பன்னிரண்டு நாள் பிரயாணம். குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பது, ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வர்ணம் அடிப்பது, இரண்டு நாள் மருத்துவ முகாம். தலைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும்.

"சங்கிலியை அடகு வெச்சுரலாம்னு பாக்கறனுங்க. பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கறா. அனுப்பட்டுமா வேண்டாமாக்கா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கிறவள். அவர்கள் சர்ச் விஷயத்தில் நான் என்ன சொல்வது? ஆனால் வயதுக்கு வந்த பெண்ணைக் கடல் கடந்து அனுப்பும் தாயின் கவலைக்கு மதம் ஏது? "ரெண்டு நாள் பொறு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது வேலூர்.

ஒரே ராத்திரியில் மூன்று பேர்

என் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நடந்தது. கிட்டத்தட்ட ஒரு மாதம் அங்கே துணைக்கு இருந்தேன். பத்தாவது வரை படித்தவள் என்றாலும் கையில் கிடைத்ததைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அங்கேதான் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைத் தெரிந்துகொண்டேன். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரி குடும்பம். தாத்தா, அப்பா எல்லோரும் டாக்டர்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்கு மட்டும் இந்தியாவே வேண்டாம். பஞ்சத்தையும் வெயிலையும் சின்ன வயதிலேயே பார்த்து அலுத்துவிட்டது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதுதான் எண்ணம். அவரும் ஒருவகையில் விருந்தாளியாக வந்தவர்தான், பாருங்கள்.

1890-களில் ஒரு ராத்திரி. வாசலில் ஒரு பிராமணர் வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவ வேதனை, குழந்தை வரவில்லை, நீங்கள் வர வேண்டும் என்றார். "நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் வீட்டுக்குள் வந்து பார்ப்பது எங்கள் வழக்கமில்லை என்று அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். பிறகு இன்னொரு இந்து வீட்டுக்காரர். அவரும் திரும்பிப் போனார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்த மூன்று வீட்டு வாசலையும் என்னால் இன்றைக்கும் மனக்கண்ணில் பார்க்க முடிகிறது.

ஐடா உடனே முக்காடு போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருக்கவில்லை. இரண்டு வாரம் முகாம் போட்டுவிட்டும் போகவில்லை. அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி. 1909-ல் நர்ஸ் பள்ளிக்கூடம். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஒரு டாக்டரம்மா எத்தனை வீட்டு வாசலுக்குப் போக முடியும்? நம் ஊர்ப் பெண்களே டாக்டரானால்தான் அந்த ராத்திரி திரும்ப வராது என்று அவருக்குப் புரிந்திருந்தது. 1960-ல் கொடைக்கானலில் காலமாகும்வரை அவர் இந்த நாட்டைக் கைவிடவில்லை.

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கண்கலங்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் பெரியம்மா நானும் போறேன்கறேன்" என்றாள்.

"அவங்க அறுபது வருஷம் இருந்தாங்க. நீ பன்னிரண்டு நாள்ல என்ன பண்ணுவே, கண்ணு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, முகம் வாடிப் போய்விட்டாள். எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளின் ஆசையில் தண்ணீர் ஊற்றுவது பெரியவர்களுக்குச் சுலபம்தானே!

லைன் வீட்டு ஒடியாப் பெண்

இதற்குள் எங்கள் வீட்டிலேயே ஒரு சம்பவம் நடந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு நாலு லைன் வீடு உண்டு. அதில் ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். அவன் கட்டிங் செக்ஷன். அவள் கைமடியாகப் போய்க்கொண்டிருந்தவள், மாசமானதும் வீட்டோடு நின்றுவிட்டாள். ஏழாம் மாதம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது "அக்கா", "தண்ணி", "சாப்பாடு", "வாடகை" என்று நாலைந்து வார்த்தை.

இரண்டு நாளாக அவள் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "முண்ட பிந்துச்சி, முண்ட பிந்துச்சி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் அது என்ன வசவு என்று உங்களுக்கே தெரியும்! வாடகை கேட்டதற்குத் திட்டுகிறாளோ என்றுகூட நினைத்துவிட்டேன். அப்புறம், வேலைக் களைப்பு, வெயில் என்று நானே சமாதானம் செய்துகொண்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்த நர்ஸ் பெண் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தவள் அவளைப் பார்த்துவிட்டாள். "பெரியம்மா, இந்தக்கா மூஞ்சி இப்பிடி வீங்கியிருக்குதே!" என்றாள். கோயமுத்தூர் ஆஸ்டலில் அவளுக்கு ஒடிசாப் பெண் ஒருத்தி சிநேகிதி. உடனே போனில் அவளைக் கூப்பிட்டு, போனை இவள் காதில் வைத்தாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒடியா மொழியில் "முண்ட" என்றால் தலை. "தலை வலிக்கிறது, தலை வலிக்கிறது" என்று மூன்று நாளாக அவள் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கண்ணும் மங்கலாகத் தெரிகிறதாம்.

பெண் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. 108-க்குப் போன் செய்தாள். வண்டியில் ஏற்றி ரத்தக் கொதிப்புப் பார்த்தபோது 160-க்கு 110. திருப்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கர்ப்ப காலத்தில் வரும் ரத்தக் கொதிப்பு, சிறுநீரிலும் புரதம் போகிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். நாள் முந்தியே குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி போலத்தான் இருந்தது. ஆனால் இரண்டு உயிரும் பிழைத்தன.

இளம் தாய்மார்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்குவது, கண் முன்னால் பொறி பறப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, பிள்ளை அசைவு குறைவது — இவற்றில் எது வந்தாலும் மோர் குடித்துப் படுத்துக்கொள்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாயங்காலத்தில் பாதம் மட்டும் கொஞ்சம் வீங்குவது பலருக்கும் உண்டு. முகம் வீங்கினால் அப்படி இல்லை.

திண்டிவனத்தில் மூன்று பெண்களுக்கும் டாக்டரம்மா கிடைக்கவில்லை. என் வீட்டுப் பின்கட்டில் ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததால் ஒரு உயிர் போகப் பார்த்தது. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பாஷை தெரிந்தவர்கள்

அதற்குப் பிறகுதான் இந்த வெளிநாட்டு ஊழிய விஷயத்தை நான் ஊன்றி யோசிக்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் பழைய புத்தகங்கள் நிறைய. இரண்டு மாதம் அங்கேயே கிடந்தேன் என்று சொல்லலாம்.

வாலிபப் பிள்ளைகள் இப்படிக் கூட்டமாகக் கிளம்புவது புதிதல்ல. 1886-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நடந்த ஒரு கோடைக்கால முகாமில் நூறு மாணவர்கள், வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகத் தயார் என்று முன்வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மாணவர் தொண்டர் இயக்கம். அதை முன்னின்று நடத்திய ராபர்ட் வைல்டர் நம் இந்தியாவில் பிறந்தவர். மிஷனரி பெற்றோரின் பிள்ளை. அந்த அலையில் 1896-ல் தமிழ்நாட்டுக்கு வந்தவர் ஷெர்வுட் எடி. வந்து தமிழ் படித்தார். அந்தக் காலத்தில் கிளம்பினவர்கள் ஆயுசுக்கும் என்றுதான் கிளம்பினார்கள். கப்பலில் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். விமானம் வந்தபிறகுதான் இரண்டு வாரப் பிரயாணம் என்பது சாத்தியமானது.

அதற்கும் முன்னால் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒரு அமெரிக்க இளைஞரைப் பற்றிப் படித்து அசந்துபோனேன். டாக்டர் சாமுவேல் கிரீன். 1847-ல் வந்தபோது வயது 25 நிரம்பியிருந்தால் அதிகம். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான் சொல்லிக்கொடுத்தார். பிறகு, கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் போய்ச்சேர வேண்டுமானால் தமிழில் கற்றவர்கள் வேண்டும் என்று பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். அவர் தமிழில் கொண்டுவந்த மருத்துவ நூல்களில் 1857-ல் வந்த பிரசவ வைத்திய நூலும் ஒன்று. யோசித்துப் பாருங்கள்: எங்கோ அமெரிக்காவில் பிறந்த ஒருவர், நம் பெண்களின் பிரசவத்துக்காக நம் பாஷையில் உட்கார்ந்து வார்த்தை தேடியிருக்கிறார்! தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றுதான் தன் கல்லறையில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம்.

நம்மவர்களும் போயிருக்கிறார்கள்

வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஷெர்வுட் எடியின் நெருங்கிய நண்பர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். "நாம் ஏன் செய்யக் கூடாது?" என்று மனதில் பட்டது. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம்.

பிறரை அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் இருப்பது நியாயமா என்று 1909-ல் அவரே தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்குக் கிளம்பினார். கூடவே மனைவி அன்பு மரியம்மாள். அந்தக் காலத்திலேயே கல்லூரி வாசல் மிதித்த பெண்மணி. வசதியாக இருந்த வீட்டை விட்டுப் போய்க் கூடாரத்தில் குடித்தனம் செய்து, தெலுங்கு கற்றுக்கொண்டார். புருஷன் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கூடாரத்தில் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளை வளர்த்தவளின் கஷ்டத்தை நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1910-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. அதில் அசரியா பேசியது அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்காக எத்தனையோ தியாகம் செய்தீர்கள், நன்றி. ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்கிற பொருளில் பேசினார். உதவி செய்கிறவர்கள் நம்மோடு சமமாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவார்களா என்பதுதான் அவர் கேள்வி. இரண்டு வருஷம் கழித்து அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார்.

குறுகிய காலத்துக்கு வந்து நிலைத்துவிட்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய நர்ஸ் கிளாடிஸ் 1981-ல் வாலிபத் தொண்டராக இந்தியாவுக்கு வந்தவர். ஒடிசாவில் மயூர்பஞ்சில் தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்திவந்த கிரகாம் ஸ்டெயின்ஸைச் சந்தித்து, 1983-ல் கலியாணம் செய்துகொண்டார். 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. பெரிய பையனுக்குப் பத்து வயது. அடுத்தவனுக்கு ஆறு. அந்தத் தாய், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நோயாளிகளோடு இன்னும் ஐந்து வருஷம் இருந்தார். 2005-ல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. எங்கள் பின்கட்டுப் பெண்ணும் ஒடிசாக்காரிதானே என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நல்ல மனசு மட்டும் போதாது

எல்லாமே இப்படி நல்லதாக முடிந்தது என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்க இளைஞர், யாரும் போகக் கூடாது என்று சட்டம் இருக்கும் வடக்கு சென்டினல் தீவுக்கு மதப் பிரசாரத்துக்காகத் திருட்டுத்தனமாகப் போனார். அந்தமானில் இருக்கும் அந்தத் தீவின் ஆதிவாசிகள் அம்பெய்து கொன்றுவிட்டார்கள். பெற்றவளின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! ஆனால் அந்தத் தீவுத் தாய்மாரையும் நாம் நினைக்க வேண்டும். வெளி ஆள் ஒருவரின் சளியும் அம்மையும் அவர்களுக்கு எமன். 1877-ல் அந்தமானில் பரவிய தட்டம்மை, அங்கிருந்த ஆதிவாசிகளில் ஏராளமானவர்களை வாரிக்கொண்டு போயிருக்கிறது. கேட்காத வீட்டுக்குள் நுழைவது சேவை ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப் போகிற குழுக்கள் பலவும் அநாதை இல்லங்களுக்குப் போகின்றன. பத்து நாள் குழந்தைகளைக் கொஞ்சி, மடியில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, பதினோராம் நாள் கிளம்பிவிடுகிறார்கள். ஒட்டிக்கொண்ட குழந்தை அழுதுகொண்டு நிற்கும். அடுத்த மாதம் அடுத்த குழு. நம் குழந்தையை இப்படி ஆளாளுக்குக் கொடுத்து வாங்குவோமா? நேபாளத்திலும் கம்போடியாவிலும், அப்பா அம்மா இருக்கிற குழந்தைகளையே அநாதைகள் என்று சேர்த்துவைத்து வெளிநாட்டார் காசு பறித்த இல்லங்கள் பிடிபட்டிருக்கின்றன. 2018-ல் ஆஸ்திரேலியா இதையும் ஒருவகைக் குழந்தைக் கடத்தல் என்று சட்டபூர்வமாக ஒப்புக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக, நம் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். 1893-ல் முதலில் ஜப்பானுக்குப் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஒன்றரை வருஷத்துக்குள் திரும்பினார். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த ஊர் போகவில்லை. சேலை கட்டினார். தமிழ் படித்தார். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளை வளர்த்தார். அந்தக் குழந்தைகள் "அம்மா" என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தையை வாங்குவதற்கு ஐம்பத்தைந்து வருஷம் கூடவே இருந்தார்.

ஒரு கடிதம்

இதையெல்லாம் நான் படித்துச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒடியாப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வந்த நாளிலிருந்து அவளிடமும் ஒரு மாறுதல். ஒருநாள் அவளே சொன்னாள்: "பெரியம்மா, நாங்க என்ன செய்யப் போறோம்னு நாங்களே முடிவு பண்ணிட்டோமுங்க. அங்க இருக்கறவங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலை."

கேட்டு எழுதினாள். டான்சானியாவில் அவர்கள் போக இருந்த ஊரின் ஆஸ்பத்திரிக்கு, சர்ச் மூலமாக. மூன்று வாரத்தில் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் விஷயம் நெத்தியடி. பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடிக்க ஊரிலேயே பெயிண்டர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் வந்தால் சமைத்துப்போட, மொழிபெயர்க்க, கூடவே சுற்ற என்று எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வேலையை விட வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது பிரசவ வார்டில் ஆறு மாதமாவது தங்கி, எங்கள் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடிய ஒரு நர்ஸ். வருமுன் கொஞ்சம் சுவாஹிலி கற்றுக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

சர்ச்சில் அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தார்களாம். சில பிள்ளைகளுக்குக் கோபம். டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதே என்று வருத்தம். கடைசியில் குழுவாகப் போவது நின்றது. சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி அந்தப் பிரசவ வார்டுக்குப் போனது. நம் பெண் மட்டும் ஒரு வருஷம் திருப்பூரில் பிரசவ வார்டில் வேலை பார்த்து அனுபவம் சேர்த்துக்கொண்டு அப்புறம் போவது என்று முடிவானது.

தாய்மார்கள் என்ன கேட்க வேண்டும்?

நம் பிள்ளைகளும் நாளைக்கு இப்படிக் கிளம்பலாம். கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டுமல்ல. எந்தச் சங்கம், எந்த மடம், எந்தக் கல்லூரி மூலமாகவும் போகலாம். தங்கச்சிக்காக நான் விசாரித்து வைத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, அங்கிருந்து யார் அழைத்தார்கள், எதற்கு அழைத்தார்கள்? கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். இங்கே செய்ய அனுமதியில்லாத வேலையை அங்கே போய்ச் செய்யச் சொன்னால் அனுப்பாதீர்கள். படிப்பு முடிக்காத பிள்ளை ஏழை நாட்டில் ஊசி போடுவது சேவை இல்லை.

இரண்டாவது, விசா. பல நாடுகளில் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாத தொண்டு வேலைகூடச் செய்யக் கூடாது. நம் நாட்டில் மத ஊழியத்துக்கு வருகிறவர்களுக்குத் தனி விசா இருக்கிறது. பாஸ்போர்ட் அவரவர் கையிலேயே இருக்க வேண்டும். "பத்திரமாக வைக்கிறோம்" என்று யாரும் வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் போன் நம்பரை வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

மூன்றாவது, தடுப்பூசி. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. கொசுவால் பரவுவது. பிரயாணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் போல அரசு அனுமதித்த இடங்களில் மட்டும்தான் போடுவார்கள். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள்வரை தனியே வைத்துவிடுவார்கள். ஒருமுறை போட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. தட்டம்மை ஊசி இரண்டு தவணை, டெட்டனஸ், டைபாய்டு, நர்ஸ் பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் பி எல்லாம் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். நம் பிள்ளைக்காக மட்டுமல்ல, அங்கிருக்கும் குழந்தைகளுக்காகவும்தான்.

நான்காவது, மலேரியா. அதற்கான மாத்திரையைப் போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்தபிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பாஷை. கிளம்புமுன் அந்த ஊர் பாஷையில் ஐம்பது வார்த்தையாவது பிள்ளைக்குத் தெரிகிறதா? தண்ணீர், வலி, பயம், பசி, மன்னிக்கவும், நன்றி. இது தெரியாமல் போகிறவர்கள் போட்டோவோடுதான் திரும்புவார்கள்.

பன்னிரண்டு நாள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போய்ப் பார்த்து, மனசு மாறி, பிறகு வாழ்க்கையையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் நாம் கற்றுக்கொள்ளப் போகிற நாள் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும்; கொடுக்கப் போகிறோம் என்று கிளம்பக் கூடாது. அப்படிப் போனால் அங்கே இருப்பவர்களுக்கும் பாரமில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி சங்கிலியை இன்னும் அடகு வைக்கவில்லை. இந்த முறை டிக்கெட் செலவை சர்ச்சே ஏற்றுக்கொள்கிறதாம். பெண் தினமும் ராத்திரி போனில் சுவாஹிலி படிக்கிறாள். பகலில் லீவு நாளில் பின்கட்டுக்குப் போய் ஒடியாப் பெண்ணோடு உட்கார்ந்து, இவள் தமிழ் சொல்லிக்கொடுக்க, அவள் ஒடியா சொல்லிக்கொடுக்க, ஒரே சிரிப்புச் சத்தம். நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் பாஷை ஏறுமா என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். இருபது ஒடியா வார்த்தை ஏறியிருக்கிறது!

போன வாரம் அவள் சுவாஹிலியில் முதலில் எதைக் கற்றாள் என்று கேட்டேன். "கிச்வா கினாஉமா" என்றாள்.

"அப்படின்னா என்ன, கண்ணு?"

"தலை வலிக்குதுன்னு அர்த்தமுங்க, பெரியம்மா."

பின்கட்டில் அந்தக் குழந்தை இப்போது தவழ்கிறது. பிசிறு மூட்டையைப் பிரித்தால் போதும், நூலை வாயில் போட ஓடி வந்துவிடுகிறது. உங்கள் தெருவிலும் பாஷை தெரியாத ஒரு வடநாட்டுப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கக் கூடும், சகோதரிகளே. இன்றைக்குச் சாயங்காலம் ஒரு எட்டுப் போய், "தலை வலிக்கிறதா?" என்பதற்கு அவள் பாஷையில் என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டு வாருங்களேன்.